கடற்காற்று தின்னும் கப்பல் படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியாவிலிருந்து மலேசியாவுக்குக் கப்பலில் வந்த குடும்பங்களின் பழைய படங்களை அனுப்பும்படி ஞாயிறு பதிப்பில் கேட்டிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால், அசல் படத்தைத் தபாலில் கேட்டிருக்க வேண்டாம். ரஜூலா கப்பலின் மேல்தட்டில் எடுத்த படம் ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்கும். தொலைந்தால் போனதுதான்.

அலமாரியிலேயே அழிந்துகொண்டிருக்கும் படங்கள் அதைவிட அதிகம். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுப்பது. காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு அது உணவு. பினாங்கில் சாதாரண நாளிலேயே 80ஐத் தொடும். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் உப்பும் படியும். உப்பு ஈரத்தை விடாது. கடல் பார்த்த சுவரில் தயவுசெய்து படம் மாட்டாதீர்கள்.

வெள்ளைப் புள்ளியைக் கண்டதும் ஈரத்துணியை எடுப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் முகம் போகிறது. பூஞ்சணம் அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும். ஒரே இழுப்பில் கண்ணும் மூக்கும் துணியோடு வந்துவிடும். வெயிலில் காயவைப்பதும் கூடாது. தாளும் ஜெலட்டினும் ஒரே அளவில் சுருங்காததால் படம் சுருண்டு வெடிக்கும். ஏர்கோன் அறையில் இரண்டு மூன்று நாள் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பாச்சை உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது. அதன் ஆவி சில பிளாஸ்டிக் உறைகளை இளக்கிவிடும்.

எழுபது, எண்பதுகளின் பசைத்தாள் ஆல்பங்கள் பெரிய தொல்லை. பசை மஞ்சளாகிப் படத்தின் முதுகைக் கவ்விக்கொள்ளும். விரலால் பிய்த்தால் படம் மடிந்து, மடிப்பில் பூச்சு உதிரும். பல்லிடுக்கில் விடும் மெழுகில்லாத நூலை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் போல மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்தால் போதும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்துக்கும் இதே விதிதான்: பிரிக்காமல், கண்ணாடியோடு ஸ்கேன்.

பிறகு, காற்றுப் புகாத டப்பா. 10 லிட்டர் டப்பாவுக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 200 கிராம் போடலாம். அதன் ஆரஞ்சு மணிகள் ஈரம் ஏறிப் பச்சையானால், 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தெடுத்தால் மீண்டும் உதவும். நெகட்டிவ்கள் புளிக்காடி (வினிகர்) வாடை அடித்தால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். ஒன்றின் வாயு அடுத்ததையும் கெடுக்கும்.

ஸ்கேன் அளவு, 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, இரண்டங்குலச் சிறுபடத்துக்கு 1200. புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக இணைக்கச் சொல்லுங்கள்.

பெயர்களை இப்போதே எழுதவேண்டும். சொல்லத் தெரிந்த தாத்தா பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். படத்தைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, 2பி பென்சிலால் லேசாக எழுதலாம். தாள் வழவழப்பாக இருந்து பென்சில் ஏறாவிட்டால் உறையின் மேல் எழுதுங்கள்.

ஆண்டு தெரியாதவர்களுக்குச் சில தடயங்கள். கறுப்புப் புகைப்போக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். ரஜூலா அதில் ஒன்று, 1926இல் கட்டி 1973 வரை ஓடியது. படகிலிருந்து கப்பல் ஏணியில் ஏறும் கூட்டமென்றால் நாகப்பட்டினமாக இருக்கலாம், அங்கே கப்பல் கரையை ஒட்டாமல் கடலில்தான் நிற்கும். சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது, அதோடு இந்தியா–மலேசியா பயணிகள் கப்பல் பயணம் முடிந்தது. பின்னணியில் பினாங்குப் பாலம் முழுசாகத் தெரிந்தால் படம் 1985க்கு முந்தியதாக இருக்காது.

ஆசிரியர் அவர்களே, அடுத்த அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பவேண்டும். ஸ்டூடியோ முத்திரையும் மாமா கைப்பட எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

தங்கள் வாசகர்,
தஞ்சோங் பூங்கா, பினாங்கு