பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே விஷயத்தைக் கேட்டீர்கள். வெளிமாநிலப் பிள்ளைகளை வேறு பெஞ்சில் உட்கார வையுங்கள், முடிந்தால் வேறு பிரிவுக்கே மாற்றிவிடுங்கள், அவர்களுக்குத் தமிழ் புரியாததால் எங்கள் பிள்ளைகளின் படிப்பும் பின்தங்குகிறது என்றீர்கள். மனதில் வைத்துக்கொள்ளாமல் நேரில் வந்து கேட்டதற்கு நன்றி. ஆனால் மாற்ற மாட்டேன். காரணத்தை அலுவலக வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பள்ளியைச் சுற்றி பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளும்தான். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்க ஆரம்பித்த பிறகு, வகுப்புக்கு நாலைந்து பிள்ளைகளாவது வேறு மொழி பேசுகிறவர்கள். வயதுக்கேற்ற வகுப்பில் அவர்களைச் சேர்க்கச் சொல்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. சேர்த்துக்கொண்டால் போதும், தமிழ் தானாக வந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு நாலாம் வகுப்பில் டீச்சர் வீட்டுப்பாட நோட்டைக் கேட்டார். பீகார் பையன் ஒருவன் எழுந்து நின்று "கல்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் மறுபடி கேட்டார். அவனும் மறுபடி, குரல் இன்னும் இறங்கி, "கல்" என்றான். பின்வரிசையிலிருந்து ஒருவன் ஜன்னலோரம் கிடந்த ஜல்லிக்கல் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினான். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் பதினைந்து நாள் வாயே திறக்கவில்லை.

இந்தியில் 'கல்' என்றால் நாளை. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான், அவ்வளவுதான். (நேற்று என்பதற்கும் அதே சொல்தானாம். கூட வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று புரிந்துகொள்வார்கள்.) ஏழாம் வகுப்பு ஜார்க்கண்ட் மாணவி ஒருத்தி தற்செயலாகச் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குள் அவனைப் பற்றிய குறிப்பில் 'கற்றலில் ஆர்வம் குறைவு' என்று எழுதிவிட்டிருந்தோம். அந்த வரியை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கணக்கில் அந்த வகுப்புக்கே அவன்தான் முதல்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒடியா பேசும் சிறுவன் ஒருவன் ஆசிரியையைப் பார்த்து, "டீச்சர், இங்க வாடா" என்றான். அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் நம் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றது, மைதானத்தில் எல்லாமே வாடா, போடாதானே. நம் கொங்குப் பக்கத்தில் தவழும் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிறோம். அந்த 'ங்க' எவ்வளவு பெரிய விஷயம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பிறகு அந்த ஆசிரியையே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து "வாங்க, போங்க, சரிங்க" சொல்லிக்கொடுத்தார். இப்போது பள்ளி வாசலில் நிற்கும் நாய்க்குட்டியைக்கூட அவன் "வாங்க" என்கிறான்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். மொழி புரியாத பிள்ளைகளுக்காகத்தான் எங்கள் ஆசிரியர்கள் புளியங்கொட்டையும் படங்களும் எடுத்துவரத் தொடங்கினார்கள், நடித்துக் காட்டினார்கள், ஒன்றையே இரண்டு விதமாகச் சொன்னார்கள். அதில் தமிழ்ப் பிள்ளைகளிலும் பலருக்குப் பாடம் பிடிபட்டது. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி, பக்கத்தில் இருக்கும் ஒடியா தோழிக்குப் பின்னக்கணக்கு சொல்லித் தருவதற்காகத் தன் சப்பாத்தியை நாலாகப் பிய்த்து வைத்தாள். முந்தின வாரம் அவளுக்கே பின்னம் வரவில்லை. இவர்களைப் பிரித்து உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும்தான் நஷ்டம்.

ஒருநாள் நம் சமையலம்மா தன் தூக்குப்போசியைத் திறந்தபோது அதே ஒடியாச் சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு "பகாள!" என்று கத்தினாள். உள்ளே இருந்தது பழைய சோறு. சோற்றில் நீரூற்றிப் புளிக்கவிட்டு, வெயில் காலத்தில் வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுவது ஒடிசாவிலும் அப்படியேதான். அந்தச் சொல்லின் கடைசியில் வருவது நம் 'ள'வேதான். இந்தியில் அந்த ஒலி கிடையாது, ஒடியாவில் உண்டு. அதனால்தான் அவளுக்கு 'பள்ளி' சட்டென்று வந்தது, 'பழம்' மட்டும் இன்னும் மல்லுக்கட்டுகிறது. அன்று மதியம் சமையலம்மாவும் அவளும் கைஜாடையிலேயே அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மனதில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளை நம் பிள்ளைகள் "ஏய் இந்தி", "வடக்கா" என்று கூப்பிடுகிறார்கள். ஒடியா பேசுகிறவளுக்கு இந்தி தாய்மொழியே இல்லை. ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடி மொழியான சந்தாலி பேசும் பையனுக்கு அது இன்னும் தூரம். ஏழு வயதுப் பிள்ளை இந்தச் சொல்லைத் தானாகக் கண்டுபிடிக்காது. டீக்கடையில், பஸ்ஸில், நம் வீட்டில் எங்கோ காதில் விழுந்து, பையோடு பள்ளிக்கு வருகிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். அவை போலி என்று காவல்துறை சொன்னது, பீகார் அதிகாரிகளே நேரில் வந்து பார்த்துப் போனார்கள். அதற்குள் எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறியிருந்தார்கள், நம் வகுப்பிலும் பல இடங்கள் காலியாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களோடு நாலு வார்த்தை பேசிப் பழகியிருந்த குடும்பங்கள் மட்டும் போகவில்லை. "அக்கா சொன்னாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு" என்று அரைகுறைத் தமிழில் ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்த அக்கா உங்களில் ஒருவர்தான்.

நம்மில் பலரும் தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். சிலருக்கு மும்பை தாராவியில் சொந்தம் உண்டு. அங்கே போன தமிழ்ப் பிள்ளைகளுக்காக மும்பை மாநகராட்சி இன்றும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. என்னால் தனிப் பள்ளி நடத்த முடியாது. பிள்ளை பேசுகிற மொழியை யாரும் கேலி செய்யாத ஒரு வகுப்பறையைத் தர முடியும், அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

இன்று இரவு உங்கள் பிள்ளையிடம், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் நாளைக்குக் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகட்டும்.

இதுவரை நாம் அனுப்பிய சுற்றறிக்கை எல்லாம் தமிழில் மட்டும்தான் போயின. படிக்கத் தெரியாத அம்மாக்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள், கூட்டத்துக்கு வரவில்லை, நாங்களும் அக்கறையில்லை என்று நினைத்துக்கொண்டோம். இனி எல்லாமே இந்தியிலும் ஒடியாவிலும் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் வரும். பெரிய வகுப்பு மாணவிகள்தான் பேசித் தருகிறார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறை நாளில், காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். உங்கள் காம்பவுண்டில் இருக்கும் வெளிமாநில அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தனியாக வரக் கூச்சமாக இருக்கிறது என்று அவர்கள் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்