இமாம் ஷாஃபியின் கபுரில்

அன்பு நண்பருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பள்ளிவாசல் வரை நடந்துபோய் ஜமாஅத்தில் சேருகிறீர்கள் என்று தங்கள் கடிதத்தில் படித்ததும் வீட்டில் அனைவருக்கும் பெரும் மகிழ்ச்சி. அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் உம்ராவை முடித்துக்கொண்டு கெய்ரோ வழியாகக் காயல்பட்டினம் திரும்பினோம். மத்ரஸாவில் ஓதிய காலத்திலிருந்தே எங்கள் மத்ஹபின் (சட்டவழியின்) தலைவரான இமாம் ஷாஃபியின் கபுருக்கு (அடக்கத்தலத்துக்கு)ச் சென்று ஜியாரத் (தரிசனம்) செய்ய வேண்டும் என்றிருந்த ஆசையை அல்லாஹ் நிறைவேற்றிவிட்டான். கபுரின்மேல் கட்டடம் எழுப்புவதை விரும்பாத இமாமின் கபுருக்கே அத்தனை பெரிய குப்பா (குவிமாட மண்டபம்) எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அங்கே நின்றபோது எனக்கும் அதே கேள்விதான் மனத்தில் ஓடியது.

நகரின் தெற்கே, மையவாடியும் குடியிருப்பும் கலந்து கிடக்கும் கராஃபாப் பகுதியில் இருக்கிறது அந்த இடம். அய்யூபிய சுல்தான் அல்காமில் 1211இல் கட்டிய குப்பா அது. மரத்தால் அமைத்து ஈயத்தகடு வேய்ந்தது. உச்சியில் பிறைக்குப் பதிலாக ஓர் உலோகப் படகு நிற்கிறது. பறவைகளுக்கு அதில் தானியம் இட்டுவந்தார்களாம். உள்ளே கபுரின்மேல் இருக்கும் தேக்குப் பேழை இன்னும் பழையது, 1178ஆம் ஆண்டினது. எகிப்தில் விளையாத அந்த மரம் கடல் கடந்துதான் வந்திருக்க வேண்டும். நுணுக்கமான செதுக்கு வேலைக்கும் எழுத்துகளுக்கும் நடுவே, உபைத் என்ற தச்சர் தம் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கபுரைத் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு உயர்த்தினால் போதும், அதன்மேல் கட்டவோ சுண்ணம் பூசவோ வேண்டாம் என்றுதான் இமாம் தமது ‘அல்உம்மு’ நூலில் எழுதியிருக்கிறார்கள். மக்காவில் கபுர்களின்மேல் கட்டியவற்றை ஆட்சியாளர்கள் இடித்ததைப் பார்த்ததாகவும், அங்கிருந்த ஃபுகஹாக்கள் (சட்ட அறிஞர்கள்) அதைக் குறை கூறவில்லை என்றும் அதிலேயே சொல்கிறார்கள். ஆகவே இந்தக் குப்பா இமாமின் விருப்பத்தால் எழுந்ததன்று. ஷியா ஃபாத்திமிகளின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த ஸலாஹுத்தீன் அய்யூபி, சுன்னத் வல் ஜமாஅத்தின் கல்வியை எகிப்தில் வேரூன்றச் செய்வதற்காகக் கபுரின் அருகிலேயே ஷாஃபி மத்ரஸா ஒன்றை நிறுவினார். அவருடைய வாரிசுகள் குப்பாவை எழுப்பினார்கள். அதில் அன்பும் இருந்தது, அரசியலும் இருந்தது என்பதே என் கருத்து. ஜியாரத்தோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அனுமதித்த காரியம். நான் ஸலாம் சொல்லி, யாஸீன் ஓதி, இமாமுக்காக துஆச் செய்துவிட்டு வந்தேன். கபுரைச் சுற்றியுள்ள கிராதியைத் தொட்டு முத்தமிடவில்லை.

ஆனால் அங்கே கண்ட ஒரு காட்சி என்னை விட்டு அகலவில்லை. வயதான பெண்மணி ஒருவர் நான்காக மடித்த காகிதத்தைக் கிராதியின் இடுக்கு வழியே உள்ளே நழுவவிட்டார். தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை இமாமிடம் முறையிட்டுக் கடிதம் எழுதுவது எகிப்தியரின் நெடுநாள் வழக்கம், தபாலிலும் அனுப்புவார்களாம். சமூகவியலாளர் ஸையித் உவைஸ் அத்தகைய கடிதங்களைத் திரட்டி ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார். கேட்பதை அல்லாஹ்விடம் மட்டுமே கேட்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நீதி கிடைக்காத ஒரு கிழவி, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு சட்ட அறிஞரிடம் வந்து நிற்கிறாள் என்றால், அவளைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

தாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா மறைந்த ஹிஜ்ரி 150ஆம் ஆண்டில்தான் எங்கள் இமாம் காஸாவில் பிறந்தார்கள். அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போதே இப்போது நெஞ்சு கனக்கிறது; அம்மக்களுக்காகவும் அங்கே துஆச் செய்தோம். பாக்தாதில் அபூஹனீஃபாவின் கபுரருகே சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுதபோது, அவர்கள்மீதுள்ள மரியாதையால் இமாம் ஷாஃபி, ஹனஃபிகள் சுபுஹில் ஓதாத குனூத் துஆவைத் தாமும் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். பாக்தாதில் சொன்ன தீர்ப்புகள் பலவற்றை எகிப்துக்கு வந்தபின் தாமே மாற்றிக்கொண்டவர்கள் அல்லவா! அந்தக் குப்பாவிலும் அப்படி ஒரு திருத்தம் உண்டு. அதன் பழைய மிஹ்ராபுகள் (தொழும் திசையைக் காட்டும் மாடங்கள்) கிப்லாவிலிருந்து (மக்காவின் திசையிலிருந்து) சற்று விலகியிருந்ததால், பிற்காலத்தில் சுல்தான் காயித்பாய் காலத்தில் சரியான திசையில் இன்னொன்று அமைத்தார்கள். பழையவற்றையும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

‘அல்உம்மு’வின் ஜனாஸா (இறந்தோர் அடக்கம்) பாடத்திலிருந்து அந்தப் பக்கங்களைப் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் ஊர் ஹழ்ரத்திடம் காட்டி, இதில் ஹனஃபி கிதாபுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸலாம்.

வஸ்ஸலாம்,
துஆவுடன் தங்கள் நண்பன்