சப்பாத்துப் பெட்டி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரோட்டர்டாமில் குளிர் தொடங்கியிருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

ஈசூன் அத்தை போன வாரம் வந்திருந்தாள். உன் ஆபீசைப் பற்றி அவள் மகன் ஏதோ சொன்னானாம். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். ஆனால் ஏழு வாரமாக ஒரு போன்கூட இல்லை என்றால் பெற்றவர்கள் என்ன நினைப்பது? அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

கட்டவே முடியாத கட்டடங்களை வரைந்துகொண்டிருக்கிறாய் என்றும் அத்தை சொன்னாள். அது மனதிலேயே கிடந்தது. விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும், படங்கள் கைகொடுத்தன. பூலே என்ற பிரெஞ்சுக்காரர் 1784இல் நியூட்டனுக்கு ஒரு நினைவுக்கூடம் வரைந்திருக்கிறார். 150 மீட்டரில் ஒரே உருண்டை. உள்ளே போனால் பட்டப்பகலிலும் இரவு. கூரைத் துளைகள் வழியாக வரும் வெளிச்சம் நட்சத்திரமாகத் தெரியும். அதை யாரும் கட்டவில்லை, படம் இருக்கிறது. 1976இல் எழும்பிய நம் சிங்கப்பூர் பேர்ல் பேங்க் அடுக்குமாடி வீடுகள், குதிரை லாடம் மாதிரி வளைந்த 38 மாடி, இன்று எங்கே? இடித்துவிட்டார்கள்.

"நிற்காதது கட்டடமா?" என்று உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். முப்பது வருடம் கான்கிரீட்டுக்குப் பலகை அடித்தவன் கேட்கிற கேள்வியா அது? சைட்டில் நாங்கள் முதலில் செய்வதே வெற்றிடம்தான். நாலு பக்கமும் பலகை, நடுவே கம்பி, மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காற்று இருந்த இடம்தான் தூணாகிறது. நம் புளோக் கீழேயும் காலியாகத்தானே விட்டிருக்கிறார்கள்? பாட்டியைக் கிடத்தியதும் அக்கா கல்யாணத்துக்குப் பந்தி போட்டதும் அங்கேதான்.

அந்தத் துளைகளைப் பார்த்ததும் எனக்குக் கை ஆடிவிட்டது பாப்பா. நீ தேர்வு எழுதிய வருடம். பள்ளிக்கூடச் சப்பாத்துப் பெட்டி, மூடியெல்லாம் அம்மாவின் ஊக்கால் குத்திய துளை. சமையலறை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பக்கத்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, பாருங்க" என்றாய். நான் பார்க்கவில்லை. பிடுங்கிக் குப்பைக் குழாயில் திணித்தேன். வாய்க்குள் போகவில்லை. கீழே போட்டு மிதித்து நசுக்கித் தள்ளினேன். பத்து மாடியும் அது முட்டி முட்டி இறங்கிய சத்தத்தை நாம் இரண்டு பேரும் கேட்டோம். நீ அழவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாய். அதற்கப்புறம் நீ வரைந்த எதையும் எனக்குக் காட்டியதில்லை. உனக்கு வேலை அதிகம் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தப்பு என்னுடையது. மகள் ஆர்க்கிடெக்ட் என்று தேக்கா முழுக்கப் பெருமை பேசினேன், அந்தப் பெட்டியைப் பற்றி அம்மாவிடம்கூடப் பேசியதில்லை.

உள்ளே என்ன தெரிந்தது? எழுது. இப்போது வரைவதையும் அனுப்பு, புரியாவிட்டாலும் பார்க்கிறேன். கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், எதற்கு என்று கேட்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா