இடங்கொடுங்கள்: சேகரகுரு ஐயாவுக்கும் கமிட்டியாருக்கும் ஒரு பாலர் வகுப்பு ஆசிரியையின் திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகரகுரு ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டி உறுப்பினர்களுக்கும், ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்புகளில் நான்காவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து ஞாயிறு பள்ளியின் ஐந்து வகுப்புகளையும் ஒன்றாக்கி, மண்டபத்தில் பெரிய டிவி வைத்து, வேதாகமக் கதை வீடியோக்களைப் போட்டுக் காட்டப் போகிறீர்கள். பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு ஆசிரியர்கள் போதும், மற்றவர்களுக்கு ஓய்வு. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீடியோ போட்டால்தான் உட்காருவார்கள்" என்று காரணமும் சொன்னீர்கள்.

17 வருஷமாக இந்தச் சபையில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். தீர்மானம் போடும் முன்பு எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

பிள்ளைகள் வீடியோ பார்க்கும் பழக்கத்திலிருந்து சபை கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு டிவியை மட்டும் வாங்கப் போகிறீர்கள்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியின் மூன்றாம் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புரொஜெக்டர் கடன் வாங்கி, வெள்ளைத் துணி கட்டி, நோவா கதை போட்டோம். 22 நிமிஷப் படம். நீங்கள் பின்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து திரையைப் பார்த்தீர்கள். நான் முன்னால் ஓரமாக நின்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நிமிஷம் அசையாமல் இருந்தார்கள். பிறகு நாலு வயதுப் பையன் ஒருவன் எழுந்து போய் விரலால் துணியை மேலே தள்ளினான், வீட்டில் போனில் தள்ளுவதுபோல. படம் நகரவில்லை. ஆனால் அவன் கை நிழல் பேழையின் மேல் விழுந்தது. அதைப் பார்த்து இன்னொருத்தி ஓடிவந்து இரண்டு கையையும் கோத்துப் புறா பறக்கவிட்டாள். ஒரு நிமிஷத்தில் பேழையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு புறாக்கள். அன்று காலையிலிருந்து அந்தப் பிள்ளைகள் கதைக்குள் வந்த ஒரே நேரம் அதுதான். பின்னாலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார், விளக்கு எரிந்தது, எல்லாரும் இடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். மிச்சப் படத்துக்குச் சத்தமே இல்லை. "பார்த்தீர்களா, எவ்வளவு அமைதி!" என்று அதைத்தான் வெற்றி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

1969இல் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சி தொடங்கியபோது, அதைச் செய்தவர்கள் படத்தை முதலில் பிள்ளைகளிடம் போட்டுப் பார்த்தார்கள். டிவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னத் திரையில் சில விநாடிக்கொரு தடவை வேறு படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் காட்சியில் பிள்ளையின் கண் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்தார்கள். கண் திரும்பிய பகுதிகளைத் திருத்தினார்கள். டிவிக்காரர்களே பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள், ஐயா.

விடுமுறை முழுக்க வீடு சந்திப்புக்குப் போனபோது நானும் அதைச் செய்தேன். புத்தி சொல்லாமல், பிள்ளைகள் போன் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். பொம்மைப் பெட்டி பிரிக்கிற வீடியோவை ஒரு பிள்ளை என் கண் முன்னால் ஆறு தடவை பார்த்தாள். பிரிக்கிறது அவள் வயதுப் பிள்ளை. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வருவதற்கு முன்பே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சலிப்பே இல்லை. காகிதத்தில் தவளை மடிக்கிற வீடியோ பார்த்த பையன் நடுவில் நிறுத்தி, பழைய நோட்டைக் கிழித்து மடித்துப் பார்த்து, மறுபடியும் ஓடவிட்டான். தானே தேர்ந்தெடுக்கிறார்கள், தானே நிறுத்துகிறார்கள், திரும்பப் போடுகிறார்கள், பிறகு செய்துபார்க்கிறார்கள். மண்டபத்து டிவியில் இந்த நான்கில் ஒன்றாவது உண்டா? ரிமோட் யார் கையில் இருக்கப் போகிறது?

திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கெட்ட பழக்கம் என்று நாம் நினைக்கிறோம். 1996இல் அமெரிக்காவில் வந்த 'புளூஸ் குளூஸ்' என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சியில் ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளைகளின் கவனம் குறையவில்லை, புரிந்துகொள்வது கூடியது, கேள்விக்குச் சத்தமாகப் பதில் சொல்வதும் நாளுக்கு நாள் கூடியது. நடத்துபவர் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்ல நேரம் விட்டுக் காத்திருப்பார். நாங்களோ ஒரு கதையை ஒரு ஞாயிறு சொல்கிறோம். அடுத்த ஞாயிறு பாடத்திட்டத்தில் அடுத்த கதை. வருஷக் கடைசிப் பரீட்சைக்குப் பாடம் முடிந்தாக வேண்டும்.

முடிக்க எங்களுக்கு என்ன நேரம், என்ன இடம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பாலர் வகுப்பில் 31 பிள்ளைகள். இடம் கோயில் முகப்பு. பிரசங்கம் தொடங்கும்போது வெளியே வந்து, திருவிருந்துக்கு முன் உள்ளே போய்விட வேண்டும். 25 நிமிஷம் என்பது கணக்கு. செருப்புப் போட்டு, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து முடிய 18 நிமிஷம் மிஞ்சும். ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் கழற்றிப் போட்ட செருப்புகள். கரண்ட் போனால் என் குரல் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. தாமதமாக வருகிறவர்கள் பிள்ளைகளைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். வெள்ளை வேட்டி நடுவில் புகுந்து போகும்போது தாவீதும் கோலியாத்தும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். நாங்கள் சத்தமாகப் பாடினால் உள்ளேயிருந்து ஒருவர் வந்து வாயில் விரல் வைத்துக் காட்டுவார். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். இப்போதெல்லாம் அவர்களே உதட்டில் விரல் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள்.

பிப்ரவரியில் சாமுவேல் கதை சொன்னேன். கர்த்தர் ராத்திரியில் கூப்பிடுகிறார். பையன் ஏலி தாத்தாதான் கூப்பிட்டார் என்று எழுந்து ஓடுகிறான். மூன்று தடவை ஓடிய பிறகுதான் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்கிறான். ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அந்த ஓடுற இடத்தை மறுபடி சொல்லுங்க. நான் ஓடுறேன்" என்றாள். மணி அடித்துவிட்டது. "அடுத்த வாரம் சொல்றேன்மா" என்றேன். அடுத்த வாரம் பாடம் சவுல் ராஜா. அவள் மறுபடி கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. வேதத்திலேயே கர்த்தர் ஒரு சின்னப் பையனுக்காக நான்கு தடவை வந்து கூப்பிடுகிறார். அந்தக் கதையை இரண்டாம் தடவை சொல்ல எனக்கு நேரம் இல்லை. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் போனை எடுத்தால், எத்தனை தடவை கேட்டாலும் அது மாட்டேன் என்று சொல்லாது.

நான் கேட்பது இதுதான்: பிள்ளைகளுக்கு ஒரு முழு மணி நேரமும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் கொடுங்கள். டிவி வேண்டாம்.

இதைவிடப் பாரமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இடைநிலை வகுப்புப் பையன் ஒருவன், வயது பதினொன்று. தாத்தா இறந்து இரண்டு மாதம். அவன் அம்மா போனை என்னிடம் நீட்டி, "இவன் என்னத்தைத் தேடியிருக்கான் பாருங்க டீச்சர்" என்றார். மைக்கை அமுக்கிப் பேசித் தேடியிருக்கிறான்: "செத்தவங்க நம்மளப் பார்ப்பாங்களா". கீழே வரிசையாக வந்தவை பேய் வீடியோக்கள். ஏழெட்டைப் பார்த்திருக்கிறான். மூன்று ராத்திரி தூங்கவில்லை. நம் ஞாயிறு பள்ளிக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிற பிள்ளை அவன். மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன். இத்தனை பேர் இருந்தும் அந்தக் கேள்வியை அவன் எங்களில் யாரிடமும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? நான்கு மூலையில் நான்கு வகுப்பு நடக்கிற மண்டபத்தில், நாங்கள் கேட்பதற்குத்தான் அவன் பதில் சொல்ல வேண்டும். அவன் கேட்பதற்கு இடமே வைக்கவில்லையே. போன் கேள் என்றது, கேட்டான். நாளைக்கு ஐந்து வகுப்பும் ஒன்றாகித் திரை முன்னால் உட்கார்ந்தால் இவனைப்போன்ற பிள்ளை யாரிடம் வாய் திறப்பான் என்று தயவுசெய்து யோசியுங்கள்.

2006இல் வந்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. பொம்மை எங்கே ஒளித்திருக்கிறது என்று, பதிவுசெய்த வீடியோவில் ஒரு பெண் சொன்னபோது இரண்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடினார்கள். அதே பெண் நேரடித் திரையில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஐந்து நிமிஷம் பதிலுக்குப் பதில் பேசிவிட்டுச் சொன்னபோது கண்டுபிடித்தார்கள். திரை ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். 'இவர் என்னிடம்தான் பேசுகிறார்' என்று தெரிந்த பிறகு பிள்ளை நம்பியது.

கற்றுக்கொள்ளக் கூடாததும் போன் வீடியோக்களில் இருக்கிறது. ஒன்று முடிந்ததுமே அடுத்தது தானாக ஓடுவது, விரல் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வருவது. 2020 செப்டம்பரில் யூடியூபின் குட்டி வீடியோவான ஷார்ட்ஸ் முதன்முதலாக நம் நாட்டில்தான் வந்தது, பதினைந்து விநாடிக்குள் ஒரு வீடியோ என்று. பாடத்தையும் அப்படித் துண்டு துண்டாக நறுக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். வேண்டாம் ஐயா. தவளை மடித்த பையன் ஒரே வீடியோவில் முக்கால் மணி நேரம் இருந்தான். கைக்கு வேலையும் கேட்க ஆளும் இருந்தால் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கிறது. பெரியவர்களுக்குத்தான் அவர்களிடம் பொறுமை குறைந்துகொண்டே போகிறது.

சபையின் முன்னுரிமைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சுவருக்கு டைல்ஸ் வந்தது. கோபுர விளக்கு வந்தது. கமிட்டித் தேர்தல் என்றால் வெளியூரில் இருப்பவர்களுக்குக்கூட வண்டி அனுப்பப்படுகிறது. பாலர் வகுப்புக்குப் பாய் கேட்டு மூன்று வருஷமாக மனு கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. பாலர் ஞாயிறு அன்று மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் நிறுத்தி, "இவர்களே நாளைய சபை" என்கிறோம். அவர்கள் இன்றைக்கே சபைதான். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கு உங்கள் முன் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற முடியவில்லை.

இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியை நடத்தத் தொடங்கியபோது, ஆறு நாளும் வேலைக்குப் போய் ஞாயிறு மட்டும் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தொடங்கினார். அவர்களுக்குக் கிடைத்த ஒரே நாளில் எழுத்து கற்றுக்கொடுத்தார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ஜனங்கள் குறவஞ்சியை ரசித்துக் கேட்பதைப் பார்த்து, அந்த மெட்டையும் ஆட்டத்தையும் எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். இருவரும் முதலில் ஜனங்களைத்தான் பார்த்தார்கள்.

ஆகவே மறுபடியும், தாழ்மையாகக் கேட்கிறேன். ஐந்து வகுப்புகளை ஒன்றாக்க வேண்டாம். ஆராதனைக்கு முன் காலை ஏழரை முதல் எட்டரை வரை ஒரு முழு மணி நேரம் கொடுங்கள். ஒரு கதையை ஒரு மாதம் வைத்துக்கொள்ள, பிள்ளைகள் ஓடவும் நடிக்கவும் மடிக்கவும் கேள்வி கேட்கவும் அனுமதி கொடுங்கள். கடைசி ஞாயிறு, கதையைச் சொல்வது பிள்ளைகளாக இருக்கட்டும். வேண்டுமென்றால் ஒரு வீடியோ, ஐந்து நிமிஷம், நடுவில் நிறுத்தி நிறுத்தி நாங்களே போட்டுக்கொள்வோம். அதற்கு என் போன் போதும்.

இடம் இல்லை என்று சொல்வீர்கள். குருவானவர் அங்கி மாற்றும் வெஸ்டரிக்குப் பின்னால் உள்ள பெரிய அறையில், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையின் அண்டாக்களும் கிடாரங்களும் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களும் இருக்கின்றன. அவை வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகின்றன. 31 பிள்ளைகள் வாரா வாரம் வருகிறார்கள். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்று ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் நீங்களே வாசிக்கிறீர்கள். அந்த வார்த்தையை இந்த ஒரு தடவை அப்படியே, அறை என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்டாக்களைக் கொட்டகைக்கு மாற்ற வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெருக்கித் துடைப்பது, வெள்ளையடிப்பது எங்கள் பொறுப்பு. அறைச் சாவியை மட்டும் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரிடம் கொடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் பாடம் சாமுவேல். அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

கர்த்தரின் பணியில்,
பாலர் வகுப்பு ஆசிரியை