குவாம்ல ஒண்ணுமே இல்லைன்னு எழுத எப்படி மனசு வந்துச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசிபிக் கடல்ல அமெரிக்காவோட ஆட்சியில இருக்கிற குவாம் தீவு பத்தி போன இதழ்ல வந்த பயணக் கட்டுரைய படிச்சேன். டூமோன் பீச், பவழப்பாறை, ஷாப்பிங் மால் எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தார். ஆனா நடுவுல ஒரு வரி, "இந்தத் தீவுக்கென்று சொந்தப் பண்பாடு எதுவும் இல்லை, இருப்பதெல்லாம் ஸ்பெயினும் அமெரிக்காவும் விட்டுச் சென்றவைதான்"னு. அந்த வரிய படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. என் வீட்டுக்காரர் வேலைக்காக குவாமோட தெற்குப் பக்கம் ஒரு கிராமத்துல குடும்பமா இருந்தவங்க நாங்க, என் பொண்ணு அங்கதான் நடக்கப் பழகினா. கட்டுரை எழுதினவர் ஹோட்டல்லயே இருந்துட்டு வந்திருக்கார்னு நல்லா தெரியுது, அவர நான் சொல்லல, சுத்திப் பாக்க போறவங்க அப்படித்தான் இருப்பாங்க. இத்தனை வருஷம் பத்திரிகை நடத்துற நீங்க அந்த வரிய எப்படி விட்டீங்கன்னுதான் புரியல.

லாட்டே கல்லு பத்தி உங்களுக்குத் தெரியாததா. ஹாலிகின்னு ஒரு தூண், அது மேல தாசான்னு அரைவட்டமா ஒரு கல்லு, இப்படி ரெண்டு வரிசையா நட்டு அது மேல மரத்தால வீடு கட்டினாங்க அந்தத் தீவோட பூர்வகுடிகளான சமோரு ஜனங்க, 1521ல ஸ்பெயின் கப்பல்ல மெகல்லன் வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே. அந்தக் கல்லுங்கள சுத்தித்தான் செத்தவங்கள புதைச்சாங்க, முன்னோர் மண்டையோட்ட வீட்டுக்குள்ளயே வச்சு கும்பிட்டாங்க. குவாமுக்கு வடக்க இருக்கிற ரோட்டா தீவுல அஸ் நியேவெஸ்னு ஒரு இடம், அங்க பாறைல பாதி வெட்டின பெரிய பெரிய லாட்டே இன்னும் அப்படியே குழிக்குள்ள கிடக்கு, அத எப்படி தூக்கி நிறுத்த நினைச்சாங்கன்னு பாத்தாலே மலைப்பா இருக்கும். குவாமோட தலைநகரம் ஹகாட்ஞாவுல பார்க்ல நிக்கிற எட்டு லாட்டேய உங்க கட்டுரைக்காரர் "அலங்காரக் கற்கள்"னு ஒரே வார்த்தைல தாண்டிட்டார், அது அலங்காரத்துக்கு செஞ்சது இல்லைங்க, தெற்குல மேப்போங்கற பழைய ஊர்ல இருந்து 1950கள்ல எடுத்துட்டு வந்து வச்சது, அந்த ஊர் இருந்த இடம் இப்ப அமெரிக்க கடற்படையோட ஆயுதக் கிடங்குக்குள்ள இருக்கு, ஊர் ஜனங்க நினைச்சா போய் பாத்துட்டு வர முடியாது.

பழைய கட்டடம் ஏன் கண்ல படலைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். 1668ல ஸ்பெயின்ல இருந்து சான் விடோரெஸ் பாதிரியார் வந்த பிறகு முப்பது வருஷம் சண்டை, அப்புறம் சிதறி இருந்த ஊருங்கள காலி பண்ணி சர்ச்ச சுத்தி ஜனங்கள கொண்டுவந்து அடைச்சாங்க, வடக்குத் தீவுகள்ல இருந்தவங்களயும் குவாமுக்கு கொண்டுவந்துட்டாங்க. சண்டையும் நோயும் சேர்ந்து 1710ல எண்ணினப்ப நாலாயிரம் பேர்கூட மிஞ்சல. லாட்டே வீடுங்க அப்படித்தான் பாழாப் போச்சு. அதுக்கப்புறம் சுண்ணாம்பும் பவழக்கல்லும் இஃபில்ங்கற கெட்டியான மரமும் வச்சு கட்டின வீடுங்க, அதயாவது விட்டாங்களா? 1944 ஜூலைல ஜப்பான்காரங்கள விரட்ட அமெரிக்கா குண்டு போட்டதுல ஹகாட்ஞா தரைமட்டம். இடிஞ்ச கல்லு மண்ணையெல்லாம் புல்டோசரால கடல்ல தள்ளினாங்க, அது மேலதான் உங்க கட்டுரைக்காரர் "ரம்மியமான கடலோரப் பூங்கா"னு எழுதின பாசேயோ இருக்கு. அவர் நின்னு போட்டோ எடுத்த இடத்துக்கு அடியில ஒரு ஊரே கிடக்குங்க! சண்டை முடிஞ்சு புதுசா ரோடு போட்டாங்க, பழைய வீட்டு மனைய எல்லாம் துண்டு துண்டா வெட்டிட்டு போச்சு, அந்தத் துண்டுங்களுக்கு இன்னும் குடும்பங்க வழக்கு பேசிட்டு இருக்காங்க. சுமாய்னு ஒரு ஊரு, சண்டை முடிஞ்சும் அந்த ஜனங்கள திரும்ப விடல, கடற்படைத் தளம் ஆயிடுச்சு, மலைப்பக்கம் சாண்டா ரீட்டாவுல குடியேத்திட்டாங்க. வருஷத்துக்கு ஒரு நாள் அனுமதி வாங்கி உள்ள போய் தாத்தா பாட்டி கல்லறைய பாத்துட்டு வர்றாங்க. மிச்சம் இருந்த மர வீடுங்கள 1962ல கேரன் புயல் வாரிட்டு போச்சு, அதுக்கு பயந்துதான் அங்க இன்னிக்கு எல்லாம் கான்கிரீட் பெட்டியா இருக்கு. இவ்வளவுக்கும் பிறகு இனராஹன்ல பழைய தெரு கொஞ்சம் நிக்குது, உமாடக்ல சோலெடாட் கோட்டை நிக்குது. கட்டுரைக்காரர் அந்தப் பக்கமே போகல.

இது முதல் தடவையா இருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன். 2021ல மெகல்லன் பயணத்தோட 500ஆவது வருஷம்னு ஒரு கட்டுரை போட்டீங்க, அதுலயும் "திருடர்கள் தீவு"ன்னு அவர் வச்ச பேர அப்படியே தலைப்பா வச்சீங்க. ஒரு சின்ன படக எடுத்துட்டாங்கன்னு நாப்பது அம்பது வீட்ட கொளுத்தி ஏழு பேர கொன்னுட்டு போனவர் அவர், கூட வந்த பிகஃபெட்டாவே எழுதி வச்சிருக்கார். வீடு எரிஞ்சவங்க திருடங்க, கொளுத்தினவர் மாவீரனா? அப்பவே ஒரு லெட்டர் போட்டேன், பிரசுரமும் ஆகல, பதிலும் வரல. அதுக்கு முன்னாடி 2017ல வடகொரியா குவாம தாக்குவேன்னு மிரட்டினப்போ டிவி பத்திரிகை எல்லாத்துலயும் குவாம்னா ராணுவ தளம், குண்டு வீச்சு விமானம், அவ்வளவுதான், அங்க ஜனங்க இருக்காங்கங்கற நினைப்பே யாருக்கும் இல்ல. ஊர்ல இருந்து எனக்கு போன் பண்ணினவங்க எல்லாரும் "அங்க சிவிலியன் இருக்காங்களா"ன்னு கேட்டாங்க, நீங்க எல்லாம் எழுதறத படிச்சா வேற என்ன கேப்பாங்க.

பண்பாடு எங்க இருக்குன்னு நான் சொல்றேன். எங்க பக்கத்து வீட்டு பாட்டிய அவங்க பிள்ளைங்க நானான்னு கூப்பிடுவாங்க, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். காலைல வெத்தலை, பாக்கு, சுண்ணாம்போடதான் வாசல்ல உக்காருவாங்க, பாக்குவெட்டி அவங்க அம்மாவோடது, உள்ளூர் கொல்லர் அடிச்சது. (அந்தக் கொல்லர் தொழில விடாம காப்பாத்தினதுக்குத்தான் ஹோவாக்கின் லூஹான்ங்கற பெரியவருக்கு 1996ல அமெரிக்காவோட தேசிய மரபு விருது கிடைச்சுது, இதெல்லாம் எழுதலாமே.) எவ்வளவு பெரிய உத்தியோகத்துல இருக்கிற பேரனா இருந்தாலும் வந்த உடனே குனிஞ்சு அவங்க கைய மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்துட்டு "ஞோரா"ன்னு சொல்லுவான், ஆம்பளைப் பெரியவங்கன்னா "ஞோட்". என் பொண்ணும் அதத்தான் கத்துக்கிட்டா. காட்டுப் பக்கம் நண்டு பிடிக்கப் போனா முன்னோர் ஆவிகிட்ட அனுமதி கேக்காம ஒரு அடி வைக்க மாட்டாங்க, ஆலமரத்துக்குப் பக்கத்துல சத்தம் போட்டு பேச விட மாட்டாங்க, அவங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு தவறாம போறவங்கதான், ரெண்டும் ஒண்ணா இருக்கும்.

நானா காலமானப்போ ஒன்பது ராத்திரி லிசாயு, அதாவது ஜெபமாலை, தேச்சா, அதாவது ஜெபத்த நடத்தற அம்மா முன்னாடி உக்காந்து சமோரு மொழியில சொல்ல எல்லாரும் திருப்பிச் சொன்னோம். தினமும் முற்றத்துல சாப்பாடு, அச்சோட்டே விதையில சிவப்பேத்தின சோறு, கெலாகுவென்ங்கற கறி, ஃபினாடென்னேங்கற காரமான சாஸ். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் கவர்ல பணம் கொடுக்க, மூத்த பொண்ணு நோட்டுல பேர், தொகை எல்லாம் எழுதிட்டே வந்தாங்க, நம்ம மொய் நோட்டு மாதிரியே. அவங்க வீட்ல விசேஷம் துக்கம் வந்தா இவங்க திருப்பிச் செய்யணும், அத யாரும் மறக்க மாட்டாங்க. 2023 மே மாசம் மாவர் புயல் அடிச்சு கரண்ட் தண்ணி இல்லாம கிடந்தப்போ எங்கள மாதிரி வெளியூர்க்காரங்களுக்கும் அதே கணக்குல சோறு வந்துச்சுங்க. கிறிஸ்தவம் ஸ்பெயின்ல இருந்து வந்தது, சரி, ஆனா அந்த முற்றத்துல நடந்தது ஸ்பெயின்ல நடக்குமா? நிலமும் குலமும் அம்மா வழியா வந்த ஜனம் அது. இன்னிக்கும் குடும்பத்துல கடைசி வார்த்தை வயசான பொம்பளைங்களோடதுதான். பேரெல்லாம் குரூஸ், சாண்டோஸ்னு இருக்கறத பாத்து ஏமாறக்கூடாது, அவங்களுக்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியா ஒரு பட்டப்பேர் இருக்கு, அத வச்சுத்தான் இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு கண்டுபிடிப்பாங்க.

அந்த ஜனம் எத்தனை அடி வாங்கியும் விடலைங்க. 1917ல தீவ ஆண்ட அமெரிக்க கடற்படை அரசாங்கம் சமோரு மொழி பேசக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, 1922ல சமோரு அகராதிங்கள சேத்து வச்சு எரிச்சாங்க. பள்ளிக்கூடத்துல சமோரு பேசினதுக்கு அடி வாங்கினத நானா எங்கிட்ட சொல்லியிருக்காங்க. 1742ல பக்கத்துத் தீவான டினியன்ல ஆன்சன்ங்கற இங்கிலாந்து கேப்டன் சமோரு ஜனங்களோட பாய்மரப் படகோட வேகத்த பாத்து அசந்து போய் அளவெடுத்து படம் வரைய வச்சார், அப்புறம் அந்தப் படகே அழிஞ்சு போச்சு, இந்தக் காலத்துல அந்தப் படத்த வச்சே மறுபடி சக்மான் படகு கட்டினாங்க. 2010ல பாகாட்ங்கற பழைய ஊர் இருந்த இடத்துல அமெரிக்க ராணுவத்தோட துப்பாக்கி சுடற மைதானம் வரப்போகுதுன்னதும் கோர்ட்டுக்கு போய் நிறுத்தினாங்க. இப்ப வடக்குல கேம்ப் பிளாஸ்ங்கற அமெரிக்க ராணுவத் தளம் கட்டத் தோண்டின இடத்துல முன்னோர் எலும்பு வந்துச்சு, அதுக்கும் தெருவுல நின்னாங்க. ஒண்ணுமே இல்லாத ஜனமா இப்படி சண்டை போடும்?

நான் கேக்கறது ரொம்ப சின்ன விஷயம். கட்டுரையோட போட்ட பெரிய படம், "குவாமின் லாட்டே தூண்"னு கீழ எழுதியிருக்கே, அது குவாமே இல்ல. அது டினியன் தீவுல இருக்கிற தாகா வீடு, சுமார் பதினஞ்சு அடி உயரத்துல பன்னெண்டு தூண் இருந்ததுல ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் நிக்குது. அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க. அந்த ஒரு வரிக்கும் வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி போட்டா, அங்க இருக்கிற என் சிநேகிதிகளுக்கு மொழிபெயர்த்து அனுப்புவேன், ஏன்னா கட்டுரை வந்ததும் சந்தோஷமா அவங்களுக்கு படத்த அனுப்பி வச்சவ நான்தான், என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டு இருக்காங்க, இன்னும் பதில் சொல்லல. போன தடவை மாதிரி இந்த லெட்டரையும் ஓரமா வச்சுடாதீங்க.

இப்படிக்கு,
முன்னாள் குவாம்வாசி, உங்கள் நீண்டநாள் வாசகி,
கோயம்புத்தூர்