ஆண்டறிக்கை: மேகம் போக மிஞ்சிய இரவுகள்

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கி வழியாக வானத்தைப் படம் எடுப்பதற்காக, சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய எல்லா அமாவாசைகளையும் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்தோம். வானம் வழிவிட்டது ஐந்துக்கு மட்டும். தென்மேற்குப் பருவமழையும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த வடகிழக்கும் மற்றதை விழுங்கின. மழை மாதக் கூட்டங்களில் பழைய படங்களையே மெருகேற்றிக் கொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரியில் ஜவ்வாது மலை ஏறினோம். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூர் அந்த மலையில்தான் இருக்கிறது. நாம் எட்டு அங்குலக் கருவியோடு இறங்கியது அங்கிருந்து தள்ளி, ஓர் உறுப்பினரின் மாமனாருடைய அறுவடை முடிந்த சாமைக் கொல்லையில்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் ஓட்டத்துக்கேற்பத் திருப்பும் பீடம்) வாங்கிய புதியவர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊரில் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கும். நமக்கு அடிவானத்திலிருந்து 12 டிகிரி சொச்சம்தான். வடக்கே ஒரு தென்னை இருந்தால் போதும், மறைந்துவிடும். மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதை அவ்வளவு தாழ்த்தினால், தொலைநோக்கியைச் சமன்செய்யும் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும். அன்று இடித்தது. இரவு இரண்டு மணிக்கு, நாம் எடுத்துக்கொண்டிருந்த ஓரியன் விண்மீன் கூட்டம் மேற்கே சாயச் சாய எடை கீழிறங்கி, 'டொக்' என்று ஒரு சத்தம். தேநீர் குடித்துக்கொண்டிருந்த யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை, நான் உட்பட. கடைசி 14 படங்களில் நட்சத்திரங்கள் மண்புழுக்களாக நெளிந்திருந்தன. பிறகு லேத் பட்டறையில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு கடைந்து வாங்கி, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே வைத்தோம். செலவு ரூ.1,850.

மிஞ்சிய படங்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், 46. ஓரியன் நெபுலாவின் (அந்தக் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகம்) நடுவில் உள்ள நான்கு நட்சத்திரங்கள் மூன்று நிமிடத்தில் வெளுத்துப்போகும் என்பதால் 10 விநாடிப் படங்களைத் தனியே எடுத்து இணைத்தோம். படத்தின் இரைச்சல், அதாவது புள்ளிப் புள்ளியாகத் தெரியும் பிசிறு, பாதியாகக் குறைய நான்கு மடங்கு படங்களை எடுத்து இணைக்க வேண்டும். ஆகவே ஒரே இரவில் ஐந்து பொருள்கள்மேல் பாயும் வழக்கத்தை விட்டுவிடுமாறு இந்த ஆண்டும் கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு கேட்டதற்குப் பலன் இல்லை.

ஊருக்குள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. பழைய மஞ்சளை வடிகட்டியால் ஓரளவு தள்ளிவிடலாம். வெள்ளை எல்லா நிறத்திலும் கலந்து நிற்கிறது. விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை, மேலே மூடி போடச் சொல்லித்தான் மனு கொடுத்தோம். பதில் இல்லை. மொட்டை மாடியிலிருந்து எடுப்பவர்களுக்கு நெபுலாக்களின் சிவப்பு ஹைட்ரஜன் ஒளியை மட்டும் உள்ளே விடும் 656.3 நானோமீட்டர் வடிகட்டிதான் இப்போதைக்குத் துணை.

அடுத்து ஒமேகா சென்டாரி. லண்டனில் உதிக்கவே உதிக்காத அந்த நட்சத்திரக் கொத்து நமக்குத் தெற்கே 30 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. ஏப்ரல் அமாவாசைக்கு வருபவர்கள் பெயர் கொடுக்கவும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். குழாய்த் துண்டு என் வீட்டில் இருக்கிறது. எடுத்துச் செல்பவர்கள் போல்ட்டுகளையும் சேர்த்துத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்