நெட்டைப் பெண்ணுக்குப் பந்து போகும் வழி

சன்னிவேல், கலிபோர்னியா
5.4.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அம்மா, குட்டிப்பயல் எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. போனில் கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறாள். இங்கே இந்த வருஷம் மழை விடாமல் கொட்டிவிட்டது. கலிபோர்னியா என்றால் வெயில் என்று நினைத்து வந்தவள், மூன்று மாதமாகக் குடையும் கையுமாக அலைந்தேன். வேலை பரவாயில்லை. சமையல்தான் இன்னும் பழகவில்லை, வாரத்தில் நான்கு நாள் தயிர் சாதம்.

குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டியில் ஜெயித்துவிட்டு வருவாய் மாவட்டப் போட்டியில் அந்தப் பெரிய பள்ளியிடம் உன் பள்ளிப் பிள்ளைகள் தோற்றதைப் பற்றிச் சொன்னாயே, அதிலிருந்து ஒரு கேள்வி என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "அவர்களுடைய அந்த நெட்டைப் பெண்ணை எப்படி நிறுத்துவது?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிந்த மாதிரி இருக்கிறது. கையால் எழுதினால் பத்திரமாக வைத்துக்கொள்வாய், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. ரயிலில் பாலோ ஆல்டோ வரை போய், அங்கிருந்து நடந்தே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மேப்பிள்ஸ் அரங்கத்துக்குப் போனேன். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து. ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய இடம் அக்கா! அப்பாக்கள் சின்னப் பெண்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பாண்டு வாத்தியம் காதைப் பிளக்கிறது. பெரியகுளத்தில் மே மாத டோர்னமென்ட் பார்க்க அப்பா நம் இரண்டு பேரையும் பஸ்ஸில் கூட்டிப்போவாரே, அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே நாம் பார்த்ததெல்லாம் ஆண்கள் ஆட்டம். பெண்கள் ஆடுவதற்கு இப்படி ஒரு ஊரே திரண்டு வந்து நான் பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டி முழுக்க நாக் அவுட். நாடு முழுவதிலிருந்தும் 68 அணிகள். நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் பலத்தைப் பார்த்து 1 முதல் 16 வரை வரிசை. பலமான 16 அணிகளுக்கு முதல் இரண்டு சுற்றும் சொந்த மைதானம். ஸ்டான்ஃபோர்டு அதன் பிரிவில் முதல் இடம். எதிரே வந்தது மிசிசிப்பி பல்கலைக்கழகம், ஓல் மிஸ் என்பார்கள், எட்டாம் இடம். அவர்களுடைய கோச் யொலெட் மெக்ஃபி மெக்கூவின், பஹாமாஸ் தீவிலிருந்து வந்தவர். தோற்றுப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானும் நினைத்தேன்.

ஸ்டான்ஃபோர்டு 49, ஓல் மிஸ் 54!

எப்படி என்று சொல்கிறேன், நிதானமாகப் படி. ஸ்டான்ஃபோர்டில் கேமரன் பிரிங்க் என்று ஒரு பெண், 6 அடி 4 அங்குலம். உன் நெட்டைப் பெண்ணை நினைத்துக்கொள். ஓல் மிஸ் அவளை நிறுத்தவில்லை. அன்றைக்கு அவள் 20 புள்ளி எடுத்தாள், கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்த ரீபவுண்டு 13, எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிட்ட பிளாக் 7. அதாவது அவளைத் தவிர மற்ற எல்லோரும் சேர்ந்து 29தான். அவர்கள் அடைத்தது அவளுக்குப் பந்து போகும் வழியை.

பாதி ஆட்டத்துக்கு நான் பந்தையே பார்க்கவில்லை. ஓல் மிஸ் பெண்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் மடங்கியே இருக்கிறது. கால் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் இழுத்து இழுத்து நகர்கிறார்கள், ஷூ தரையில் கீச் கீச்சென்று கத்துகிறது. பந்து கையில் இருக்கிற பெண்ணை ஒருத்தி நெருக்குகிறாள். பக்கத்தில் இருக்கிற இருவர் பாஸ் வரும் பாதையில் ஒரு கையை நீட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் பந்தை வாங்க வேண்டிய பெண் இரண்டு மூன்று அடி வெளியே வந்து, கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாங்க முடிகிறது. அங்கேயிருந்து திரும்பி, பார்த்து, உள்ளே கொடுப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. இங்கே கல்லூரிப் பெண்களுக்கு ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்தபின் கூடையை நோக்கி எறிய வேண்டிய கெடு, 30 விநாடி. நமக்கு 24தானே, இந்த வித்தை நமக்கு இன்னும் நன்றாகவே பலிக்கும். ஸ்டான்ஃபோர்டு அன்றைக்கு 21 முறை பந்தைப் பறிகொடுத்தது. கடைசி நிமிஷத்திலும் அதே கதைதான்.

உன் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மூன்று பேர் அந்தப் பெண்ணையே சுற்றி நின்றார்கள், பாஸ் கொடுக்கிறவள் முன்னால் யாருமே இல்லை என்று நீதானே சொன்னாய்.

என் பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி இருந்தார். 1998இலும் இதே அரங்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அந்த வருஷம் 16ஆம் இடத்து ஹார்வர்டு வந்து முதல் இடத்து ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று தோற்கடித்தது. அலிசன் ஃபீஸ்டர் என்ற பெண் 35 புள்ளி. ஸ்டான்ஃபோர்டில் முக்கியமான இரண்டு பேருக்கு முழங்காலில் அடிபட்டிருந்தது என்பதும் உண்மை. இருந்தாலும் பெண்கள் போட்டியில் அப்படி ஒரு வெற்றி அதற்கு முன்பும் இல்லை, இன்றுவரை பின்பும் இல்லை. ஆண்கள் போட்டியில் அது நடக்கவே 2018 ஆயிற்று. பாட்டி எழுந்து நின்று ஓல் மிஸ் பெண்களுக்கும் கைதட்டினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மறுநாளே இன்னொரு முதல் இடத்து அணியான இண்டியானா, சொந்த ஊரில் மயாமியிடம் 70-68 என்று தோற்றது.

அப்புறம் 31ஆம் தேதி டல்லாஸில் இதே போட்டியின் அரையிறுதி, சவுத் கரோலினா பல்கலைக்கழகமும் அயோவா பல்கலைக்கழகமும். அதை டிவியில்தான் பார்த்தேன். சவுத் கரோலினா அந்த வருஷம் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 36 ஆட்டத்திலும் வெற்றி. உள்ளே எல்லோரும் உயரம், பலம். அயோவா வேறு வழியைப் பிடித்தது. தூரத்திலிருந்து எறியத் தெரியாதவர்களைச் சும்மா விட்டுவிட்டு, எல்லோரும் கூடைக்கு அடியில் போய் அடைத்துக்கொண்டார்கள். சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறாள், அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் கையை வீசிவிட்டுக் கிட்டேயே போகவில்லை. சவுத் கரோலினா 20 முறை அங்கேயிருந்து எறிந்து நான்குதான் விழுந்தது. அயோவா 77-73 என்று ஜெயித்தது. கிளார்க் மட்டும் 41 புள்ளி. ஆனால் அந்தக் கை வீச்சை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதே அக்கா. ரேவனின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. விட்டுவிட்டு உள்ளே நின்றாலே போதும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சவுத் கரோலினா தவறவிட்ட பந்துகளில் 26ஐத் தானே திரும்ப எடுத்தது. அதனால் எதிராளியை முதுகால் தள்ளி நிறுத்துவதைத் தினமும் பழக்கு. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் எல்எஸ்யூவிடம் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அயோவாவின் இந்த வித்தை செல்லவில்லை. அங்கே வெளியிலிருந்து எறியத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஜாஸ்மின் கார்சன் என்று மாற்றாக இறங்கிய பெண் முதல் பாதியிலேயே 21 புள்ளி. எல்எஸ்யூ 102-85 என்று ஜெயித்தது. ஆகவே அந்தப் பெரிய பள்ளியில் யார் யாருக்குத் தூர எறிதல் வரும் என்று முதலில் பார்த்துவிட்டு வா. யாருக்கும் வராது என்றால் அயோவா மாதிரி. வரும் என்றால் ஓல் மிஸ் மாதிரி.

இங்கேயும் எல்லாம் சரியாக இருந்துவிடவில்லை. 2021இல் இதே போட்டிக்கு ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும் பெண்களுக்கு ஒரே ஒரு டம்பெல் அடுக்கும் வைத்தார்கள். ஆரிகன் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரி செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்டாள், நாடே கேட்டது, மாறியது. நான் படித்த கல்லூரியில் ஆண்டு விழாப் பந்தலுக்காக ஒரு மாதம் நம் கோர்ட்டைத் தோண்டிப்போட்டார்களே, நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்து இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஜூனில் என்னோடு வேலை செய்கிறவர் மதுரைக்கு வருகிறார். ஆறாம் நம்பர் பந்து நான்கு கொடுத்தனுப்புகிறேன், காற்று இறக்கி வைத்தால் பெட்டியில் இடம் பிடிக்காது. பம்பும் ஊசியும் சேர்த்தே அனுப்புகிறேன். பிள்ளைகளின் ஷூ அளவைப் பெயர் போட்டு எழுது, போன தடவை மாதிரி குத்துமதிப்பாக வேண்டாம். இந்தக் காகிதத்தின் பின்பக்கம் கோர்ட் வரைந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். புரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, பிள்ளைகளையும் நிற்க வைத்துக்கொண்டு.

குட்டிப்பயலுக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் தங்கை